கோபுரத்தின் மேலும் கீழும்: விக்தர் ஹியூகோவின் பழம் பாரிஸ்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மாலை பாரிஸ் நகரத்து நோத்ருதாம் மாதா கோயிலின் கூரை தீப்பற்றி எரிந்ததையும், அதன் கூர்ங்கோபுரம் முறிந்து வீழ்ந்ததையும் உலகமே கண்டது. ஆற்றங்கரையில் நின்றோர் மண்டியிட்டு அழுதனர். செல்வர் ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டுக் கொடை அறிவித்தனர். சாமானியரும் தம்மால் இயன்றதை அனுப்பினர். சேர்ந்த தொகை 80 கோடி யூரோவுக்கும் மேல். வேலை முடிந்து 2024 டிசம்பரில் கோயிற் கதவுகள் மீண்டும் திறக்கப்பட்டன. தீப்பிடித்த அந்த வாரத்தில், பிரெஞ்சு நாட்டில் ஒரு பழைய நாவல் மளமளவென்று விற்றுப் போயிற்று. அதைக் கையில் எடுத்து மறுபடியும் படிக்கும் ஆவல் நமக்கும் உண்டாயிற்று.

அந்நாவல் விக்தர் ஹியூகோ இயற்றியது. 1831ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்தது. அப்பொழுது ஆசிரியருக்கு வயது 29. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தோர் அதற்கு ‘நோத்ருதாம் கூனன்’ என்று பெயரிட்டு விட்டமையால், அஃது ஒரு கூனனின் கதை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஹியூகோ வைத்த பெயரில் கூனன் இல்லை. ‘பாரிஸ் நோத்ருதாம்’ என்பதே அவர் இட்ட பெயர். கோயிலும் அதைச் சூழ்ந்த பழைய நகருமே அவருடைய கதைத் தலைவர். ஆகவே, அந்தப் பழைய நகரை அவர் எங்கு நின்று கண்டார், அங்கு எவரைக் கண்டார், எவரைக் காணாது விட்டார் என்று கேட்பது நியாயமேயாகும்.

கதை தெரியாத அன்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லி விடுகின்றோம். 1482ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் கதை தொடங்குகின்றது. எஸ்மெரால்டா என்பவள் தெருவில் ஆடிப் பாடி, ஒரு வெள்ளாட்டைக் கொண்டு வித்தை காட்டிப் பிழைக்கும் பதினாறு வயதுப் பெண். ஜிப்சி என்னும் நாடோடிக் கூட்டத்தில் வளர்ந்தவள். நோத்ருதாமின் பெரிய குருக்களில் ஒருவரும், துறவு பூண்டவரும், கல்விக் கடலுமாகிய புரோலோ அவள் மீது மோகம் கொள்கின்றார். அவள் மனமோ பீபஸ் என்னும் படைத்தலைவனிடம். குருக்கள் பீபஸைக் குத்திவிட்டு ஓடிவிட, பழி பெண் மேல் விழுகின்றது. சூனியக்காரி என்று வழக்கு. ஆட்டின் மேலும் வழக்கு! காலை இடுக்கியில் இட்டு நெரித்து ‘ஒப்புக்கொள்’ என்கின்றனர். நோவு தாங்காது ஒப்புக்கொள்கின்றாள். கோயிலில் மணி அடிக்கும் கூனனும் செவிடனுமான குவாசிமோதோ, தூக்குமரத்துக்குச் செல்லும் வழியில் அவளை வாரி எடுத்துக் கொண்டு போய்க் கோயிலுக்குள் அடைக்கலம் வைக்கின்றான். ஆயினும் முடிவில் அவள் தூக்கிலேயே மாள்கின்றாள். குத்துண்ட பீபஸ் சாகவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உயிரோடு இருந்தும் அவன் அவளுக்காக வாய் திறக்கவில்லை.

இனிப் பழைய நகருக்கு வருவோம். செய்ன் ஆற்றின் நடுவே பெருங்கப்பல் ஒன்று தரைதட்டி நிற்பது போன்று கிடக்கும் தீவுக்குச் சித்தே என்று பெயர். பாரிஸ் பிறந்தது அங்கேதான். தீவு மேற்றிராணியாரின் ஆட்சியிலும், வலக்கரை வணிகர் தலைவரின் ஆட்சியிலும், இடக்கரை பல்கலைக்கழகத் தலைவரின் ஆட்சியிலும் இருந்ததாக ஹியூகோ நகரை மூன்றாகப் பகுத்துக் காட்டுகின்றார். மூன்றாம் பகுதியில் ஒரு நீண்ட அத்தியாயம் முழுவதும் நம்மைக் கோயிற் கோபுரத்தின் உச்சியில் நிறுத்தி, பறவை பார்ப்பது போல நகரைப் பார்க்கச் செய்கின்றார். கூரைகள், மதில்கள், பாலங்கள், மடங்கள், அரண்மனைகள், நூல் சிக்குண்டாற் போன்ற சந்துகள் யாவும் கண் முன் விரிகின்றன. விழா நாளின் விடியற்காலையில் நகரத்து மணிகள் எல்லாம் ஒருசேர ஒலிப்பதைக் கூறி அவ்வத்தியாயத்தை முடிக்கும் இடம் ஒப்பற்றது. எழுத்தினால் ஓசையை எழுப்ப முடியுமா என்று ஐயுறுவோர் அதனைப் படித்துப் பார்க்கட்டும்.

நாம் அவ்வத்தியாயத்தை இருமுறை படித்தோம். இரண்டாம் முறை படிக்கும்போது நமக்கு ஒரு குறை தோன்றிற்று. அத்தனை கூரைகளின் கீழும் எவர் இருந்தார்? ஓர் அறையில் எத்தனை பேர் படுத்தனர்? குடிக்கும் நீரை எங்கிருந்து சுமந்தனர்? இவற்றைப் பற்றி அங்கு ஏதும் இல்லை. உச்சியில் நின்று பார்ப்பவனுக்குப் புகைக்கூண்டு தெரியும். அடுப்பில் வெந்தது யாது என்பது தெரியாது. பழைய நகரின் அழகைப் புகழும் நூல்கள் பலவும் இவ்வாறே உயரத்தில் நின்று பேசுகின்றன.

இடையே ஒரு செய்தி. நோத்ருதாம் என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது, மாடத்தின் விளிம்பில் தாடையைக் கையில் ஏந்தி நகரைப் பார்த்துக் கொண்டிருக்கும் கல் அரக்கர்களின் உருவம். அவை பண்டைக் காலத்தவை அல்ல. 1840களில் தொடங்கிய திருப்பணியில் வியோலே லெ டுக் என்னும் கட்டடக் கலைஞர் புதிதாகச் செய்து வைத்தவை. ‘பழமை’ என்று நாம் கும்பிடும் பொருள்களில் எத்தனை நம் பாட்டனார் காலத்தில் செய்தவையோ!

ஹியூகோ கோபுரத்தை விட்டுத் தெருவில் இறங்கும்போது வேறு மனிதராகி விடுகின்றார். அவருடைய நாவலின் உயிர் அங்கேதான் இருக்கின்றது. வலக்கரையில் ‘அற்புதங்களின் முற்றம்’ என்று ஓர் இடம். பகல் முழுவதும் நகரில் குருடராகவும் முடவராகவும் பிச்சை எடுத்தோர் இரவில் அங்கு வந்து சேர்ந்ததும் குருடர் பார்க்கின்றனர், முடவர் நடக்கின்றனர். அற்புதம் என்று பெயர் வந்த காரணம் அதுவே. கோயில் வாயிலில் குருக்கள் விற்கும் அற்புதத்தையும் இரவில் பிச்சைக்காரர் நிகழ்த்தும் அற்புதத்தையும் வாசகரே ஒப்பிட்டுக் கொள்ளட்டும் என்று ஆசிரியர் சும்மா இருந்து விடுகின்றார். அம்முற்றத்துக்கு ஓர் அரசன் உண்டு; குளோப்பான் என்று பெயர். வழி தவறி வந்த ஒரு புலவனை அவன் தூக்கிலிட முனைகின்றான். ‘நீங்கள் எங்கள் ஆட்களுக்குச் செய்யும் சட்டத்தை நாங்கள் உங்கள் ஆளுக்குச் செய்கின்றோம், இதில் வியப்பென்ன?’ என்ற கருத்தில் அவன் பேசும் பேச்சில், அந்நாளைய நீதிமன்றங்களின் மானம் முழுவதும் கப்பலேறி விடுகின்றது.

மெய்யான நீதிமன்றம் ஒன்றையும் ஹியூகோ காட்டுகின்றார். குவாசிமோதோ கைதியாக நிற்கின்றான். அவனுக்குக் காது கேளாது. நீதிபதிக்கும் காது கேளாது. ஆனால் அதை எவருக்கும் தெரியாமல் மறைத்து வருபவர் அவர். நீதிபதி பெயரைக் கேட்கின்றார். கைதி பேசாது நிற்கின்றான். பதில் வந்துவிட்டதாகக் கருதி அவர் அடுத்த கேள்விக்குப் போகின்றார். மன்றம் சிரிக்கின்றது. கடைசியில் இரக்கங்கொண்ட எழுத்தர் ஒருவர், ‘ஐயா, இவன் செவிடன்’ என்று நீதிபதியின் காதருகே சொல்கின்றார். அதுவும் அவருக்குக் கேளாது. ஏதோ புதிய குற்றம் சொல்லப்பட்டதாக எண்ணி, ‘அப்படியா! அது வேறு விஷயம்’ என்று தண்டனையில் மேலும் ஒரு மணி நேரம் கூட்டுகின்றார். ஏழைகள் அதிகாரிகளின் முன் நின்று பேசிய கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் எவரையும் நாம் அறியோம்.

தண்டனை, பொதுவிடத்தில் சக்கரத்தில் கட்டி வைத்துக் கசையடி. அடியுண்டு குருதி வழியக் கிடக்கும் கூனன் ‘தண்ணீர்’ என்கின்றான். கூட்டம் சிரித்துக் கல்லெறிகின்றது. அவனை வளர்த்த குருக்கள் கோவேறு கழுதைமேல் அவ்வழியே வருகின்றார். அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக் கொண்டு விரைந்து போய்விடுகின்றார். எந்தக் குற்றத்துக்காக அவன் கட்டுண்டானோ அக்குற்றத்தைச் செய்ய ஏவியவரே அவர்தாம். அப்பொழுது கூட்டத்தை விலக்கிக் கொண்டு எஸ்மெரால்டா மேடை ஏறுகின்றாள். முதல் நாள் இரவில் அவன் தூக்கிக் கொண்டு போக முயன்ற பெண் அவள். இடுப்பிலிருந்த சுரைக்குடுக்கையை எடுத்து அவன் உலர்ந்த வாயில் வைக்கின்றாள். அவன் கண்ணில் ஒரு துளி நீர் வருகின்றது. தண்ணீர் என்பது எவர் கையால் எவருக்குக் கொடுக்கப்படலாம் என்று சட்டம் வகுத்து வைத்த சமுதாயத்தில் பிறந்த நமக்கு, இக்காட்சியின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு துணிந்த ஆசிரியர் ஓரிடத்தில் பின்வாங்கி விட்டார் என்பதே நம்முடைய வழக்கு. எஸ்மெரால்டா ஜிப்சி அல்லள் என்று முடிவில் தெரிய வருகின்றது! ரீம்ஸ் நகரத்தில் ஒரு பிரெஞ்சுப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தை அவள். ஜிப்சிகள் அக்குழந்தையைத் திருடிக் கொண்டு, அதன் இடத்தில் தங்களிடமிருந்த விகாரமான குழந்தையை விட்டுச் சென்றனர். அதுவே பின்னர் குவாசிமோதோ. அழகிய குழந்தை ஊரார் குழந்தை. அஞ்சத்தக்க உருவமுடையது நாடோடிகள் விட்டுச் சென்றது. தாயோ, மகளை இழந்த துயரில் பாரிஸில் ஒரு சிறு குகையறைக்குள் தன்னை அடைத்துக் கொண்டு, அவ்வழியே போகும் எஸ்மெரால்டாவை ‘பிள்ளை தின்னும் ஜிப்சி’ என்று நாள்தோறும் சபிக்கின்றாள். ஒரு சிறு காலணியின் இணை கிடைத்ததும் சாபம் கண்ணீராக மாறுகின்றது.

ஆசிரியர் பக்கம் நின்று பேசுவோர் ஒன்று கூறலாம். பிறப்பைக் காட்டிப் பகைப்பவள் தன் வயிற்றில் பிறந்தவளையே பகைத்தாள் என்று காட்டுவதன் மூலம் அப்பகையின் மடமையை அவர் வெளிப்படுத்தினார் அன்றோ என்பது அவர்கள் வாதம். ஓரளவுக்கு உண்மை. ஆனால், அவள் மெய்யாகவே ஜிப்சியாக இருந்திருந்தால்? அத்தாயின் சாபத்தில் அப்பொழுது குற்றம் இல்லையா? அன்றியும், ஜிப்சிகள் குழந்தை திருடுவோர் என்று ஊரார் கூறிய அவதூறு கதையில் மெய்யாகவே நடந்ததாக அல்லவா முடிகின்றது! நூலில் யாவரினும் உயர்ந்த உள்ளம் படைத்த குவாசிமோதோ அக்கூட்டத்திலிருந்து வந்தவன் என்ற செய்தி இருக்கின்றது. அதை ஆசிரியர் ஒருமுறை சொல்லிவிட்டு மறந்து விடுகின்றார். படிப்போரும் மறந்து விடுகின்றனர்.

இந்தப் பழக்கம் பிரெஞ்சுக்காரருக்கு மட்டும் உரியதன்று. மலையாத் தோட்டங்கள் பலவற்றில் கோயில் கொண்டிருக்கும் மதுரை வீரனின் கதையை நம் அன்பர்கள் அறிவர். செருப்புத் தைக்கும் தொழிலாளி வீட்டில் வளர்ந்த வீரன் அவன். கதைப்பாடலோ, அவன் காசி அரசனுக்குப் பிறந்து சோதிடர் சொல்லால் காட்டில் விடப்பட்டவன் என்கின்றது. வீரத்துக்கும் அழகுக்கும் ‘நல்ல’ பிறப்பு ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் கதை சொல்வோருக்கு நிம்மதி உண்டாகும் போலும்.

ஹியூகோ காட்டும் ஜிப்சிகளுக்கும் மெய்யான ஜிப்சிகளுக்கும் உள்ள தூரத்தைச் சிறிது பார்ப்போம். 1427ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு கூட்டத்தார் பாரிஸுக்கு வந்தனர். எகிப்திலிருந்து வருவதாகச் சொல்லிக் கொண்டனர். நகருக்குள் விடாமல் வெளியே லா சப்பேல் என்னும் இடத்தில் தங்க வைத்தனர். அவர்கள் கைரேகை பார்க்கின்றனர், பணப்பையைத் திருடுகின்றனர் என்று பேச்சு எழுந்தது. மேற்றிராணியார், அவர்களிடம் கை காட்டியோரைச் சபைக்குப் புறம்பாக்கினார். அந்நாளில் பாரிஸில் வாழ்ந்த ஒருவர் தம் குறிப்பேட்டில் இதை எழுதியுள்ளார். தாம் மூன்று நான்கு முறை அவர்களிடம் சென்று பேசியதாகவும், தம் காசு ஒன்றும் காணாமற் போகவில்லை என்றும் அவரே எழுதி வைத்திருக்கின்றார். அந்த ஒரு வரியின் நேர்மை பெரிய நாவலாசிரியருக்கு இல்லாமற் போயிற்றே என்பது நம் வருத்தம்.

அவர்கள் எகிப்தியர் அல்லர். அவர்களுடைய பேச்சு இந்தியாவிலிருந்து வந்தது என்பதை 1780களில் ஜெர்மானிய அறிஞர் மெய்ப்பித்தனர். அம்மொழியில் தண்ணீருக்குப் ‘பானி’ என்றும், மனிதனுக்கு ‘மனுஷ்’ என்றும் பெயர். எஸ்மெரால்டா குடுக்கையில் கொண்டு வந்ததை அவள் வளர்ந்த கூட்டத்தார் நம் பஞ்சாபிச் சகோதரர் சொல்லும் அதே சொல்லால்தான் சொல்லியிருப்பர். அக்கூட்டத்தாருக்குப் பிரெஞ்சு நாடு பின்னர் செய்தது யாது? 1912ஆம் ஆண்டுச் சட்டம், ஊரூராய்த் திரிவோர் ஒவ்வொருவரும் உடல் அளவுகளும் கைரேகையும் கொண்ட அடையாளப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. 1940ஆம் ஆண்டு முதல் அவர்களை முகாம்களில் அடைத்தனர்; ஜெர்மானியர் தோற்று ஓடிய பின்பும், 1946 வரையில், சிலர் விடுவிக்கப்படவில்லை. நாட்டின் பொறுப்பை ஒப்புக்கொண்டு ஒரு குடியரசுத் தலைவர் பேசியது 2016ஆம் ஆண்டில்தான். ‘திருடர் கூட்டம்’ என்ற பழைய கதையை ஹியூகோ ஆக்கவில்லை. எனினும், அவருடைய கீர்த்தி அக்கதைக்கும் கிடைத்து விட்டது.

1832ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் சேர்த்த அத்தியாயம் ஒன்றைச் சீர்திருத்தக்காரர் யாவரும் படிக்க வேண்டும். அச்சிட்ட புத்தகம் ஒன்றையும் கோயிலையும் மாறி மாறிச் சுட்டி, முன்னது பின்னதை அழிக்கும் என்று குருக்கள் பெருமூச்சு விடுகின்றார். அச்சு வருவதற்கு முன் மனித குலம் தன் எண்ணத்தைக் கல்லில் எழுதிற்று. கல்தச்சர் குருமாரைக் கேலி செய்யும் உருவங்களைக் கோயிற் கதவிலேயே செதுக்கினர். அச்சு வந்ததும் எண்ணம் காகிதத்தில் ஏறிப் பறந்து, எவராலும் பிடிக்க முடியாததாயிற்று என்று ஆசிரியர் விளக்குகின்றார். அவருக்கு இதில் பாதி மகிழ்ச்சி, பாதி துக்கம். நமக்கு முழு மகிழ்ச்சி.

அதே 1832ஆம் ஆண்டில், பழைய கட்டடங்களை இடிப்போர் மீது போர் தொடுப்பதாக ஹியூகோ ஒரு கட்டுரை எழுதினார். நாவலும் கட்டுரையும் வீண் போகவில்லை. நோத்ருதாம் அப்பொழுது பாழடைந்து கிடந்தது. 1840களில் திருப்பணி தொடங்கி, இருபது ஆண்டுகள் நடந்தது. ஆனால் அந்த 1832ஆம் ஆண்டிலேயே பாரிஸில் வாந்திபேதி பரவிற்று. மாண்டோர் 18,000க்கு மேல். மிகுதியும் மாண்டது சித்தேயைப் போன்ற நெருக்கமான பழைய சந்துகளில். பத்தாண்டுகளுக்குப் பின் யூஜின் சூ என்பவர் ‘பாரிஸ் மர்மங்கள்’ என்னும் தொடர்கதையைப் பத்திரிகையில் எழுதியபோது, அதைத் தொடங்கியதும் அத்தீவின் இருட்சந்துகளிலேதான். ஹியூகோவின் கைவண்ணம் சூவுக்கு இல்லை. மர்மமும் மயக்கமும் மிகுதி. ஆயினும் கூலி வேலை செய்வோர் அவருக்குக் கடிதம் எழுதித் தங்கள் வாழ்வை விவரித்தனர். அவரும் அவற்றைக் கேட்டுக் கதையை மாற்றினார்.

1853 முதல் 1870 வரை பாரிஸின் நிருவாகத் தலைவராக இருந்த ஓஸ்மான் பிரபு, அந்தச் சந்துகளுக்கு முடிவு கட்டினார். கோயிலைச் சுற்றியிருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. அவ்விடங்களில் படைமனையும் வணிக வழக்குமன்றமும் புதிய பெரு மருத்துவமனையும் எழுந்தன. கோயில் எடுப்பாகத் தெரியும்பொருட்டு அதன் முன்னிருந்த முற்றம் பன்மடங்கு விரிவாக்கப்பட்டது. குடியிருந்த பல்லாயிரவர் நகரின் புறத்தே போய்ச் சேர்ந்தனர். நோய்க்கூடுகளான அச்சந்துகள் அப்படியே இருந்திருக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. காற்றும் வெளிச்சமும் வேண்டியதே. ஆனால் காற்றும் வெளிச்சமும் வந்தபோது, அவற்றுக்கு உரியவர் அங்கு இல்லை. ஹியூகோ அப்பொழுது அரசனைப் பகைத்து நாடு கடந்து வாழ்ந்து கொண்டிருந்தார். இடிப்போர் மீது அவர் தொடுத்த போர் கல்லைக் காத்தது. இன்று கோயிலைக் காணச் செல்வோர், அம்முற்றத்தின் தளத்தில் வெளிறிய கற்களால் கோடுகள் இடப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். மறைந்து போன தெருவும் வீடுகளும் நின்ற இடத்தின் அடையாளங்கள் அவை. அடியில், 1980இல் திறந்த நிலவறைக் காட்சிசாலையில் பழைய சுவர்களின் அடித்தளமும் இருக்கின்றது.

இவ்வளவும் கூறிய பின் ஆசிரியருக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். இருபத்தொன்பது வயதில் கோபுரத்தின் உச்சியை விரும்பியவர், 1849இல் சட்டசபையில் எழுந்து, வறுமையைக் குறைக்க மட்டுமல்ல, ஒழிக்கவே முடியும் என்று வாதாடினார். 1862இல் வெளிவந்த அவருடைய மற்றொரு பெருநாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்ற பெயரில் தமிழாக்கித் தந்தார். 1950இல் அது திரைப்படமாகவும் வந்தது. அதில் பாரிஸ் நகரம் கீழிருந்து, சாக்கடையின் அடியிலிருந்தே பார்க்கப்படுகின்றது. அதனைப் படித்த நம் அன்பர்கள் முந்திய நாவலையும் படிக்க வேண்டுகின்றோம். முதற்பகுதியில் நாடகம் பார்க்கும் கூட்டத்தைப் பற்றிய வருணனை மிக நீளம். அங்கு அலுப்புத் தட்டினால் நூலை மூடிவிட வேண்டாம். நேரே ஆறாம் பகுதிக்குப் போய்விடலாம். செவிட்டு நீதிபதி அதன் முதல் அத்தியாயத்தில் இருக்கின்றார். தண்ணீர்க் குடுக்கை நான்காம் அத்தியாயத்தில் வருகின்றது.